அம்மாவின் ரொட்டி டின்கள், நெய் டின்கள்: சாயம் அடித்துச் சமையலறையில் வைக்கலாமா?

மல்லிகா_பீடோங்
சனி, காலை 8.40

எல்லாருக்கும் வணக்கம். தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு பீடோங்கில் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்துவிட்டோம். கட்டில், அலமாரி எல்லாம் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் அம்மா ஒரு டின்னைக்கூட விட்டுவரச் சம்மதிக்கவில்லை. இப்போது பின்கட்டில் ஒரு குவியலே கிடக்கிறது: தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கும் சதுர ரொட்டி டின்கள், நெய் டின்கள், மைலோ டின்கள், தாத்தா காலத்து மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று, ஐஸ்கிரீம் டப்பாக்கள், சிவப்பு மூடிப் பலகாரப் போத்தல்கள், ஒரு கோணிப்பை நிறைய ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குகள். அப்பா தோட்டத்து ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த வெள்ளை பிளாஸ்டிக் கேலன்கள் இரண்டும் இருக்கின்றன.

இவற்றைத் தூக்கிப் போட எனக்கும் மனம் இல்லை. புதிதாகப் பிளாஸ்டிக் டப்பா செட் வாங்கவும் விருப்பம் இல்லை. நன்றாகக் கழுவி, ஒரே மாதிரி வெள்ளைச் சாயம் அடித்து, பேர் எழுதி, சமையலறைத் தட்டில் வரிசையாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். எந்தச் சாயம் வாங்குவது? துருவை என்ன செய்வது? பிளாஸ்டிக்கில் சாயம் நிற்குமா? செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

வர்ணக்கடை_தம்பி
சனி, காலை 9.25

அக்கா, நான் சுங்கைப்பட்டாணியில் ஹார்ட்வேர் கடையில் சாயப் பகுதியில்தான் நிற்கிறேன். இந்தக் கேள்வியோடு நிறையப் பேர் வருவார்கள். தகர டின்னைப் பற்றி முதலில் சொல்கிறேன், பிளாஸ்டிக் வேறு கதை.

ரொட்டி டின், மைலோ டின் எல்லாம் அடிப்படையில் இரும்புத் தகடு. மேலே மெல்லிசாக வெள்ளீயம் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு இருக்கும்வரை துரு பிடிக்காது, கீறல் விழுந்த இடத்தில்தான் துரு கிளம்பும். அதனால் பளபளப்பு போகிற அளவுக்குத் தேய்த்தால் போதும், தகடு தெரியத் தேய்க்க வேண்டாம். 240 நம்பர் மணல்தாள் போதும். துரு பிடித்த இடத்தை மட்டும் நன்றாகச் சுரண்டுங்கள்.

அதற்கும் முன்னால் எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். நெய் டின்னில் இது பெரிய வேலை. கொதிநீரும் சோடா உப்பும் ஊற்றி ஊறவிட்டு, சீயக்காய் போட்டுத் தேய்த்தால் போய்விடும். பிறகு தின்னர் நனைத்த துணியால் வெளிப்பக்கம் ஒருமுறை துடையுங்கள். பசையின் மேல் எந்தச் சாயமும் உட்காராது. சாயம் உரிந்துவிட்டது என்று கடைக்குத் திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் சாயம் இல்லை, இந்தப் பசைதான்.

அடுத்து மெட்டல் பிரைமர். இதை விட்டுவிட்டு நேராகத் தண்ணீர்ச் சாயம் அடித்தால், அதில் உள்ள நீர் பட்டே தகட்டில் பழுப்புப் புள்ளி கிளம்பும். செம்மண் நிற ரெட் ஆக்சைடு பிரைமர் போதும். மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமர் யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், அந்தக் குரோமேட் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. சமையலறைச் சாமானுக்கு அது வேண்டவே வேண்டாம்.

மேலே எனாமல் அடிப்பதா, அக்ரிலிக் அடிப்பதா என்றால், அடிக்கடி கை படும் டின்னுக்கு எனாமல் நல்லது. வாடை அடிக்கும், காய நேரம் எடுக்கும், ஆனால் துடைத்துத் துடைத்து வைக்கலாம். மெல்லிய பூச்சாக இரண்டு தடவை. நடுவில் ஓர் இரவு விடுங்கள்.

டின்னின் உள்பக்கம் எக்காரணம் கொண்டும் சாயம் வேண்டாம்.

செம்பனை_மண்டோர்
சனி, காலை 10.05

மல்லிகாம்மா, மற்றதெல்லாம் அப்புறம். அந்த இரண்டு வெள்ளைக் கேலனில் முன்பு என்ன இருந்தது என்று அப்பாவிடம் கேட்டாயா?

மல்லிகா_பீடோங்
சனி, காலை 10.30

ஐயா, அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்குத் தெரியவில்லை. ஸ்டோரில் காலியாகக் கிடந்தது, எடுத்துவந்தார் என்கிறார். லயத்து வீட்டில் தண்ணீர் வராத நாளுக்குப் பிடித்து வைப்போம், துணி அலச. லேபிள் எல்லாம் கிழிந்துவிட்டது. வாடை எதுவும் இல்லை. சுடுதண்ணீரில் பலமுறை கழுவி அரிசி போடலாம் என்று நினைத்திருந்தேன், 10 கிலோ தாராளமாகப் பிடிக்கும்.

செம்பனை_மண்டோர்
சனி, முற்பகல் 11.10

வேண்டாம்மா. அரிசி போடாதே. சாயம் அடித்தும் வைக்காதே.

நான் ரப்பர்ப் பால்காட்டிலும் செம்பனைக் காட்டிலும் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்து ஸ்டோரில் காலியாகக் கிடக்கும் வெள்ளைக் கேலன் என்றால் அது களைக்கொல்லி மருந்து வந்ததாக இருக்கும், இல்லை என்றால் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் வந்ததாக இருக்கும். பாராக்குவாட் என்ற களைக்கொல்லி மருந்தை மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். ஆனால் உன் கேலன் அதற்கு முந்திய காலத்ததாக இருக்கலாம். அந்த மருந்து ஒரு வாய் போனாலே நுரையீரலைக் கெடுத்து ஆளைக் கொன்றுவிடும், மாற்று மருந்து கிடையாது.

நாங்கள் வேலை செய்த காலத்தில் காலிக் கேலனை மூன்று முறை கழுவ வேண்டும், கழுவிய தண்ணீரை மருந்துப் பம்பிலேயே ஊற்ற வேண்டும், பிறகு கேலனை ஓட்டை போட்டுவிட வேண்டும் என்பது விதி. ஓட்டை ஏன் என்றால், யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் தோட்டத்தில் வாளிக்கும் தோம்புக்கும் பஞ்சம், ஆட்கள் எடுத்துத்தான் போவார்கள். உன் அப்பாவைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் வராத லயத்தில் வேறு எதில் பிடித்து வைப்பது? அந்தக் காலத்தில் ஒருவரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

வாடை இல்லை என்பதை நம்பாதே. பிளாஸ்டிக் சுவருக்குள்ளேயே மருந்து ஊறியிருக்கும். மேலே கழுவினால் மேலே இருப்பது மட்டும்தான் போகும்.

அறிவியல்_டீச்சர்
சனி, மதியம் 12.20

ஐயா சொல்வது முற்றிலும் சரி. அந்தக் கேலன்கள் பெரும்பாலும் எச்.டி.பி.இ. என்ற வகைப் பிளாஸ்டிக், அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கும். உலோகம், கண்ணாடி மாதிரி அது இறுக்கமானது இல்லை, சில மருந்துகளும் அவற்றைக் கரைக்கச் சேர்த்த எண்ணெய்களும் உள்ளே இறங்கிவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், உணவில் எண்ணெய் இருந்தால் இன்னும் எளிதாக. எண் 2 என்றால் உணவுக்கு நல்லது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்லும், உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது.

மல்லிகா, அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள், அப்புறம் யாரும் தண்ணீர் பிடிக்க மாட்டார்கள்.

மல்லிகா_பீடோங்
சனி, மதியம் 12.45

சரி ஐயா, சரி டீச்சர். இரண்டிலும் ஓட்டை போட்டு வெளியே வைத்துவிட்டேன். அம்மாவிடம் காரணத்தைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்தத் தண்ணீரில்தான் எங்கள் துணியை எல்லாம் அலசினார்.

பழைய_தகரம்
சனி, மாலை 3.15

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். ரொட்டி டின்மேல் அச்சடித்த படம் இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து வெள்ளை அடிக்காதீர்கள்.

அந்தப் படங்கள் எல்லாம் தகடு தட்டையாக இருக்கும்போதே அச்சிட்டவை, பிறகுதான் மடித்து டின் ஆக்கியிருப்பார்கள். ஒருமுறை சாயத்தால் மூடிவிட்டால் படத்தைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. சாயத்தை அழிக்கும் தின்னர் அச்சையும் சேர்த்து அழித்துவிடும். இந்த ஊரில் நம் ஆட்கள் எந்த மளிகைக்கடையில் என்ன வாங்கினார்கள், தீபாவளிக்கு எந்த ரொட்டி வீட்டுக்கு வந்தது என்பதற்கு எங்கேயும் புத்தகம் கிடையாது. டின்தான் இருக்கிறது. காலிப் பால் டின்னில் ஓட்டை போட்டு, கயிறு கட்டி, காப்பிக் கடையிலிருந்து காப்பி வாங்கிப் போன காலத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அந்த டின் ஒன்று காட்டச் சொல்லுங்கள், யாரிடமும் இருக்காது.

கோலக்காரி_லூனாஸ்
சனி, மாலை 4.50

அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பத்திரமாக வைக்கிறேன் என்று அலமாரிக்குமேல் தூக்கி வைத்த டின் என்ன ஆகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். கண்ணில் படாத இடத்தில் அடிப்பக்கம் துரு தின்றுவிடும், ஒருநாள் தூக்கினால் அடி மட்டும் தட்டில் தங்கிவிடும். தினமும் கையில் எடுக்கும் டின்தான் பிழைக்கும். பொருளைப் புழங்க விடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்று நான் நம்புகிறேன்.

நான் பழைய டின்களில் கோலப் புள்ளி வைத்து, படிக்கோலம், சிக்குக்கோலம் வரைந்து, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிறேன். வாங்குகிறவர்கள் பாதிப் பேர் மலாய்க்காரர்களும் சீனர்களும். மூடி இறுகி மூடுகிறதா என்று திறந்து மூடிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அழகுக்கு மட்டும் யாரும் காசு கொடுப்பதில்லை.

பழைய_தகரம்
சனி, மாலை 5.30

தங்கச்சி, புழங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அச்சு நன்றாக இருக்கும் டின்னுக்குச் சாயத்துக்குப் பதிலாக நிறமில்லாத பூச்சு அடித்துப் புழங்கட்டும் என்கிறேன். எண்ணெய் வார்னிஷ் நாளாக நாளாக மஞ்சளடிக்கும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் தெளிபூச்சு அந்த அளவுக்கு மஞ்சளாகாது. அடிப்பக்கத்து மூலையில் ஒரு பொட்டு வைத்துச் சோதித்துவிட்டு அடிக்கட்டும். அச்சு கரையாமல் இருந்தால் முழுக்க அடிக்கலாம்.

கோலக்காரி_லூனாஸ்
சனி, மாலை 5.42

அதற்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். படம் பாதிக்குமேல் போனவற்றுக்கு மட்டும் சாயம். அப்படியே வைத்துக்கொள்ளலாம் மல்லிகா.

கூலிம்_செவிலி
சனி, இரவு 9.10

நான் கேட்க வந்தது அந்தக் கோணிப்பை மங்குகளைப் பற்றி. பின்கட்டில் மழை படும் இடத்திலா வைத்திருக்கிறீர்கள்? இன்றைக்கே உள்ளே எடுத்து வையுங்கள்.

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பால் மங்கு மாதிரி வசதியான இடம் இல்லை. பால் வெட்டாமல் விட்ட ரப்பர்க் காட்டில் நிமிர்ந்து கிடக்கும் மங்குகளில் மழைநீர் தேங்கி அது பெருகும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டேன் என்று சும்மா இருக்கவும் முடியாது. முட்டைகள் மங்கின் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் உள்சுவரை நாரால் தேய்த்தே கழுவ வேண்டும். டின்களுக்கும் இதேதான்.

சுகாதார அதிகாரிகள் வந்து லார்வாவைப் பார்த்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி வரை அபராதம் போடலாம். அபராதத்தை விடுங்கள், வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். டெங்கி அந்த வயதில் வந்தால் தாங்க மாட்டார்கள்.

மல்லிகா_பீடோங்
ஞாயிறு, காலை 7.20

அக்கா, நேற்று இரவே மங்குகளை உள்ளே எடுத்துவிட்டேன். சிலவற்றில் காய்ந்த பால் இன்னும் ஒட்டியிருக்கிறது.

செம்பனை_மண்டோர்
ஞாயிறு, காலை 8.00

அது சுலபம்மா. தண்ணீரில் ஊறப் போட்டு, விளிம்பில் நகத்தால் ஒரு முனையைக் கிளப்பு. முழுவதும் ஒரே தோலாகக் கழன்று வரும். தேய்த்தால்தான் சிரமம். அம்மாவுக்குத் தெரியும், கேட்டுப் பார்.

அறிவியல்_டீச்சர்
ஞாயிறு, காலை 9.35

துருவுக்கு ஒரு கைவைத்தியம் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் பிளிம்பிங் மரம் இருந்தால் ஒரு கைப்பிடி காய் கேளுங்கள். கம்பத்தில் சம்பலுக்குப் போடுவார்களே, அந்தப் புளிப்புக் காய்தான். இரண்டாக வெட்டி, உப்புத் தொட்டு, துருவின்மேல் அழுத்தித் தேயுங்கள். அதில் ஆக்சாலிக் அமிலம் நிறைய இருக்கிறது. அது துருவோடு சேர்ந்து தண்ணீரில் கரையும் பொருளாக மாறிவிடும், அதனால் பழுப்பு அப்படியே காய்ச்சாற்றோடு வழிந்து வரும். அரை மணிக்குமேல் விட வேண்டாம், வெள்ளீயத்தையும் கடிக்கத் தொடங்கிவிடும். உடனே சோடா உப்புத் தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, வெயிலில் காய வைத்துவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் ஒரே நாளில் புதுத் துரு வரும்.

கையில் புண் இருந்தால் கையுறை போடுங்கள். எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை வைத்து இதைச் செய்து காட்டுவேன், பழைய சாவியைப் போட்டு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாடம்.

வர்ணக்கடை_தம்பி
ஞாயிறு, முற்பகல் 11.00

டீச்சர் சொன்னதைச் செய்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் வேலை இரட்டிப்பு.

இன்னொன்று, நேரம். ஜெராய் மலைமேல் மேகம் இறங்கிக் கிடக்கும் நாளில் சாயம் அடிக்காதீர்கள். ஸ்ப்ரே சாயமாக இருந்தால் வெள்ளை பூத்துவிடும். சாயத்திலிருக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது டின்னின் மேல்பரப்பு குளிர்ந்துபோகும், காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். நல்ல வெயில் நாளில் காலை பத்துக்குமேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயிலிலேயே வைத்தும் அடிக்கக் கூடாது, நிழலில், காற்று வரும் இடத்தில்.

அப்புறம் மூடி. எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். மூடி உள்ளே இறங்கி உட்காரும் கழுத்துப் பகுதியிலும், மூடியின் உள்விளிம்பிலும் சாயம் படவே கூடாது. பூச்சு மெல்லிசுதான், ஆனால் அந்தத் தடிப்பே மூடியை இறுக்கிவிடும். கழுத்தைச் சுற்றிக் காகித டேப் ஒட்டுங்கள், விரல் நகத்தால் ஓரத்தை அழுத்தித் தேயுங்கள். சாயம் முழுக்கக் காய்வதற்கு முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும், மெதுவாக, பின்னோக்கி மடித்த மாதிரி. காய்ந்தபின் இழுத்தால் சாயமும் கூடவே வரும். அப்போது பிளேடால் ஓரமாக ஒரு கோடு போட்டுவிட்டு உரியுங்கள்.

எனாமல் தொட்டால் ஒட்டாமல் இருப்பதற்கும் முழுதாக இறுகுவதற்கும் ஒரு வாரம் வித்தியாசம் உண்டு. அந்த வாரம் முடியும்வரை மூடி போடாதீர்கள், ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள்.

மல்லிகா_பீடோங்
ஞாயிறு, மாலை 6.15

இன்றைக்கு ஒரு விஷயம் நடந்தது, அதனால் என் திட்டமே மாறிவிட்டது.

நான் வெள்ளைச் சாயம் அடித்து, ஆங்கிலத்தில் அழகாகப் பேர் எழுதிய டின்களின் படங்களைக் கைப்பேசியில் அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணு மாதிரி இருந்தா மிளகாய்த்தூள் எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றில் ஆபரேஷன் முடிந்தது, இன்னொன்று பாக்கி. சின்ன எழுத்து தெரியாது. தோட்டத்து வீட்டில் அவர் ஒருமுறைகூடத் தேடிப் பார்த்ததில்லை. நெளிந்த மைலோ டின் என்றால் மல்லி, சதுர டின் என்றால் அரிசி மாவு, மூடி தொலைந்து தட்டு கவிழ்த்தது பருப்பு. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போவதற்குள் இருட்டிலேயே சமைத்து முடித்தவர். கைக்குத்தான் எல்லாம் தெரியும். நான் அதை எல்லாம் ஒரே வெள்ளையாக்கி வைத்தால், அவருடைய சமையலறையில் அவரையே வழிகேட்க வைத்துவிடுவேன்.

ஆகவே இப்போது கேள்வி இதுதான்: அம்மாவின் கைக்கும் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி எப்படிச் சாயம் அடிப்பது?

கோலக்காரி_லூனாஸ்
ஞாயிறு, மாலை 7.00

இதை நீங்கள் முதலிலேயே கேட்டிருந்தால் இரண்டு நாளாக இதைத்தான் பேசியிருப்போம், அவ்வளவு நல்ல கேள்வி.

சாமானின் நிறத்தையே டின்னுக்குக் கொடுங்கள். மிளகாய்த்தூள் சிவப்பு, மஞ்சள்தூள் மஞ்சள், மல்லி பச்சை, காப்பித்தூள் கரும்பழுப்பு. புதிதாக எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மங்கலான வெளிர் நிறங்கள் வேண்டாம். புரை உள்ள கண்ணுக்கு வெளிர்நீலமும் வெளிர்பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும். மூடிக்கு ஒரே வெள்ளை, உடம்புக்கு அழுத்தமான நிறம் என்றால் எங்கே திறப்பது என்பதும் தெரிந்துவிடும். தட்டின் நிறமும் டின்னின் நிறமும் ஒட்டிப்போகாமல் பாருங்கள்.

கைக்கு ஒரு வழி இருக்கிறது. பிரைமர் காய்ந்தபின், வெள்ளைப் பசையைக் கூர்முனை போத்தலில் எடுத்து, டின்னின்மேல் புள்ளி வைத்து விடுங்கள். காய்ந்தால் மேடாக நிற்கும். அதன்மேல் சாயம் அடித்தால் தடவும்போது புள்ளி தெரியும். நான் இப்படித்தான் கோலத்துக்குப் புடைப்புக் கொடுக்கிறேன். மிளகாய்க்கு ஒரு புள்ளி, மல்லிக்கு இரண்டு, சீரகத்துக்கு மூன்று. அம்மாவையே கோலம் போடச் சொல்லுங்கள். கண் மங்கினாலும் புள்ளி வைக்கிற கைக்கு அளவு மாறாது.

கூலிம்_செவிலி
ஞாயிறு, இரவு 8.30

எங்கள் பிரிவில் புரை ஆபரேஷனுக்கு வரும் பாட்டிகளிடம் நானும் இதைத்தான் சொல்வேன், மாத்திரை டப்பாவுக்கு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நெளிந்த டின்னை நிமிர்த்தாதீர்கள், அது மல்லி என்று அம்மாவின் கைக்குத் தெரியும். இடத்தையும் மாற்றாதீர்கள். பழைய வீட்டில் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் வைத்துவிடுங்கள்.

செம்பனை_மண்டோர்
ஞாயிறு, இரவு 9.00

உப்பையும் புளியையும் மட்டும் தகர டின்னில் போடாதேம்மா. உப்பு ஈரத்தை இழுத்து, தகட்டை அரித்துவிடும். புளி அதன் அமிலத்தாலேயே அரிக்கும். அம்மா பீங்கான் சாடியில்தானே வைத்திருப்பார்கள்?

மல்லிகா_பீடோங்
ஞாயிறு, இரவு 9.20

ஆமாம் ஐயா, பழுப்பு நிறச் சீனச் சாடி. அது அப்படியே இருக்கும்.

பிளாஸ்டிக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஐஸ்கிரீம் டப்பாவும் போத்தலும்?

வர்ணக்கடை_தம்பி
திங்கள், காலை 10.15

ஐஸ்கிரீம் டப்பாவின் அடியைப் பாருங்கள். 5 என்று இருந்தால் பாலிப்ரோப்பிலீன். அதில் சாதாரணச் சாயம் ஒட்டவே ஒட்டாது, மெழுகுமேல் தண்ணீர் விட்ட மாதிரி உருண்டு ஓடும். அதற்கென்று பிளாஸ்டிக் பிரைமர் ஸ்ப்ரே இருக்கிறது. ஆனால் ஒரு கேன் விலைக்கு நாலு புது டப்பா வாங்கிவிடலாம். அடிக்காதீர்கள். ஊசி, நூல், பட்டன் போட அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு மூடிப் போத்தல் 1ஆம் எண், பெட். அதில் லேசாகத் தேய்த்துவிட்டு அக்ரிலிக் அடித்தால் ஓரளவு நிற்கும். ஆனால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிவதுதானே அதன் நன்மை? ஏன் மறைக்க வேண்டும்? மூடி மட்டும் போதும். லேபிள் பசை போகத் தேங்காய் எண்ணெயும் சோடா உப்பும் குழைத்துப் பூசி, பத்து நிமிடம் கழித்துத் தேயுங்கள். சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், பெட் சுருங்கிவிடும்.

பழைய_தகரம்
திங்கள், காலை 11.40

மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 4 கேலன், அதாவது 18 லிட்டர் தகரம் அது. அரிசிக்குச் சரியான அளவு என்று தோன்றும். உணவுக்கு வேண்டாம். பழைய தகரங்களின் மூட்டில் ஈயம் கலந்த பற்றாசு இருக்கும், மண்ணெண்ணெய் வாடையும் மூட்டு இடுக்கிலிருந்து முழுக்கப் போகாது. வாயை அகலமாக வெட்ட வேண்டும் என்றால் கிரைண்டர் எடுக்காதீர்கள். தீப்பொறி பட்டு உள்ளே தங்கிய ஆவி வெடித்துவிடும். தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுக் கைக் கத்திரியால் வெட்டி, விளிம்பை மடித்து விடுங்கள். விளக்குமாறு, குடை வைக்கக் கச்சிதமாக இருக்கும்.

அறிவியல்_டீச்சர்
திங்கள், மதியம் 1.30

அப்படியானால் அரிசிக்கு? 10 கிலோ அரிசிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று லிட்டர் இடம் வேண்டும். பெரிய சதுர ரொட்டி டின்னில் பிடிக்காவிட்டால் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். டின் எவ்வளவு இறுகி மூடினாலும் வண்டு வரும், ஏனென்றால் முட்டை அரிசி மணிக்குள்ளேயே கடையிலிருந்து வருகிறது. வாங்கிய பையை அப்படியே பிரீசரில் நாலு நாள் வைத்து எடுத்து, அறையின் சூட்டுக்கு வந்தபின் டின்னில் போட்டால் தொல்லை இல்லை. பை குளிர்ந்திருக்கும்போதே பிரித்துக் கொட்டினால் ஈரம் கோத்துவிடும்.

மிஞ்சிய டின்களை எறிய வேண்டியிருந்தால் பிரித்துப் போடுங்கள். கெடாவில் 2015 செப்டம்பரிலிருந்து குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்பது சட்டம். மறுசுழற்சித் தொட்டியில் தகரமும் பிளாஸ்டிக்கும் ஆரஞ்சு நிறத்துக்கு, காகிதம் நீலத்துக்கு, கண்ணாடி பழுப்புக்கு. ஆனால் அந்த மருந்துக் கேலன்களை அதில் போடாதீர்கள். மருந்து விற்கும் கடையிலோ தோட்டத்து அலுவலகத்திலோ திருப்பி எடுத்துக்கொள்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

மல்லிகா_பீடோங்
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.00

எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்தது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

படம் நன்றாக இருந்த ரொட்டி டின்களுக்குத் தெளிபூச்சு மட்டும் அடித்தோம், முறுக்கு டின்னாகவே இருக்கட்டும் என்று. மைலோ டின்கள், நெய் டின்கள் சாமான் நிறத்தில். பிளிம்பிங் காய் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் ஒரு பை நிறையக் கொடுத்தார். டீச்சர் சொன்ன மாதிரியே துரு பழுப்புச் சாறாக வழிந்ததை அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பசைப் புள்ளி வைக்க நான் டின்னைத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன், அம்மா வைத்தார். முதலில் விரலால் இடத்தை அளந்துகொண்டு, பிறகு போத்தல் முனையைக் கொண்டுபோய், அழுத்தாமல் ஒரு துளி விட்டு, வெடுக்கென்று எடுத்தார். வால் இழுக்காமல் வட்டமாக உட்கார்ந்தது. நான் வைத்தால் ஒவ்வொன்றும் வால் விட்டது. மிளகாய்க்கு ஒரு புள்ளி போதும் என்றதற்கு, மிளகாய்க்கு நிறையப் புள்ளி வேண்டும், தவறிப்போய் எடுத்துவிடக் கூடாதது அதுதான் என்று சொல்லி, டின்னைச் சுற்றிலும் வைத்துவிட்டார். எனக்குத் தோன்றவே தோன்றாத விஷயம் அது.

கால் கேலன் எனாமல் தேவைப்படவில்லை, சின்ன டின்களாக நிறத்துக்கு ஒன்று வாங்கினேன். தம்பி, மீதச் சாயத்தை எப்படி வைப்பது? மங்குகளுக்கும் அடிக்கலாமா, கற்றாழை நட?

வர்ணக்கடை_தம்பி
ஞாயிறு, மாலை 5.40

மூடியை ரப்பர்ச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி இறுக்கி, நிழலில் வையுங்கள் அக்கா. மேலே ஏடு கட்டினால் கலக்காமல் ஏட்டை வெட்டி எடுத்துவிட்டு, அடியில் இருப்பதைத் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். மிச்சத்தைக் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள்.

மங்கு பீங்கான் என்றால் மேலே இருக்கும் வழவழப்பைத் தேய்த்துவிட்டு அடிக்க வேண்டும். ஓட்டை போடுவதற்குக் கண்ணாடி, ஓடு துளைக்கும் பிட் வாங்குங்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டே, மெதுவான வேகத்தில், சுத்தி முறையை அணைத்துவிட்டுத் துளையுங்கள்.

கூலிம்_செவிலி
ஞாயிறு, மாலை 6.05

ஓட்டை போட்டபின் அடியில் தட்டு வைக்காதீர்கள், அதில் தண்ணீர் தேங்கும். ஓட்டை மண்ணால் அடைபடாமல் ஒரு ஓட்டுச்சில்லை உள்ளே கவிழ்த்து வையுங்கள்.

கோலக்காரி_லூனாஸ்
ஞாயிறு, இரவு 7.30

மல்லிகா, அந்த மிளகாய் டின்னை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அம்மாவுக்குச் சம்மதம் என்றால் அதே மாதிரி நானும் செய்து விற்கலாமா? விற்கும் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு பங்கு தருகிறேன். அடுத்த வாரம் பீடோங் சந்தைக்கு வருவேன், நேரில் பேசலாம்.

மல்லிகா_பீடோங்
ஞாயிறு, இரவு 8.15

அம்மாவிடம் கேட்டேன் அக்கா. பங்கு வேண்டாம், காலி நெய் டின் நிறையக் கிடைத்தால் கொண்டுவரச் சொல் என்கிறார். புள்ளியை அவரே வைத்துத் தருவாராம். சந்தை முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள், சாப்பாடு இங்கேதான்.